பல் வைத்தியரின் கையுறையை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில் சின்னதாய் ஒரு பற்சிகிச்சை நிலையம் நடத்துகிறேன். கதிரையில் வாயைத் திறந்தபடி படுத்திருப்பவரால் கேள்வி கேட்க முடியாது. எழும்பி, வாய் கொப்பளித்து, காசு கட்டி, கதவில் கை வைத்த பிறகுதான் கேட்பார். கொவிட்டுக்குப் பிறகு அப்படி வருகிற கேள்விகளில் பல கையுறையைப் பற்றியவை. புதிதாக வேலைக்குச் சேரும் உதவியாளர்களும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

கையுறை போட்டிருந்தால் கிருமி கடக்காது, சரிதானே?

பெரும்பாலும் கடக்காது. ‘கடக்கவே கடக்காது’ என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

நாங்கள் போடும் பரிசோதனைக் கையுறை மிக மெல்லியது. அமெரிக்கத் தர நியமங்கள் கேட்கும் ஆகக் குறைந்த தடிப்பு நைட்ரைலுக்கு 0.05 மில்லிமீற்றர், இறப்பர்ப் பாலில் செய்த லேடெக்ஸுக்கு 0.08 மில்லிமீற்றர். அவ்வளவு மெல்லியதாக இருந்தும், முழுதாக இருக்கும் வரை அந்தப் படலம் வைரஸை மறித்துவிடும். சிக்கல் அதில் விழும் ஓட்டையில்தான். ஹெபடைட்டிஸ் பி வைரஸின் குறுக்களவு சுமார் 42 நானோமீற்றர். நமது கண்ணுக்குத் தெரியாத ஊசித்துவாரம்கூட அதற்குக் காலி வீதி மாதிரி.

புதிய பெட்டியில் எப்படி ஓட்டை இருக்கும்?

இருக்கும். இதைச் சொன்னால் புதிய உதவியாளர்கள் நம்ப மாட்டார்கள்.

தொழிற்சாலையில் கை வடிவ அச்சுகளை இறப்பர்ப் பாலில் தோய்த்து எடுத்து, சூட்டில் காயவைத்து உரித்தெடுக்கிறார்கள். அச்சில் ஒரு தூசு, பாலில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் போதும், அந்த இடத்தில் படலம் சரியாகப் படியாது. ஒவ்வொரு கையுறையையும் சோதித்துப் பார்க்க வழியில்லை. அதனால் ஒரு தொகுதியிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையை எடுத்து, ஒவ்வொன்றிலும் 1 லீற்றர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று இரண்டு மூன்று நிமிடம் பார்ப்பார்கள். எத்தனை ஒழுகினால் தொகுதியைத் தள்ள வேண்டும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத்தான் பெட்டியில் ஏ.கியூ.எல். என்று போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய நியமமான ஈ.என். 455 இன் படி அது 1.5 வீதம். அமெரிக்காவில் பரிசோதனைக் கையுறைக்கு 2.5, சத்திரசிகிச்சைக் கையுறைக்கு 1.5. இலக்கம் சிறிதானால் கட்டுப்பாடு இறுக்கம்.

என் நிலையத்தின் கணக்கைச் சொல்கிறேன். நாளொன்றுக்கு 20 பேர் வந்தால் எனக்கும் உதவியாளருக்குமாக 40 சோடி, அதாவது 80 கையுறை. தொகுதி சரியாக 1.5 வீதத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கையுறையாவது பெட்டியிலிருந்து வரும்போதே ஓட்டை. நல்ல உற்பத்தியாளரின் சரக்கு இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் நியமம் சொல்வது ‘ஓட்டையே இல்லை’ என்றல்ல, ‘இத்தனைக்கு மேல் இல்லை’ என்றுதான்.

இன்னொரு விஷயம். தண்ணீர் ஒழுகாத ஓட்டையும் ஓட்டைதான். இந்தச் சோதனை பெரிய ஓட்டைகளைத்தான் பிடிக்கும்.

வேலை செய்யும்போது எங்கே, எப்போது கிழியும்?

வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடக்கைச் சுட்டுவிரலிலும் பெருவிரலிலும். ஏனென்றால் வலக்கை கருவியைப் பிடிக்கிறது. இடக்கை கன்னத்தை விலக்கிக்கொண்டு, பல்லுக்குப் பக்கத்தில், கருவியின் கூர்முனைக்கு எதிரில் நிற்கிறது. பல் பிடுங்கும்போது முரசையும் எலும்பையும் தாங்கிப் பிடிப்பதும் அந்த விரல்கள்தான். பல் ஒழுங்குபடுத்தும் கம்பியின் வெட்டிய நுனி, பல்லைச் சுற்றிப் போடும் மெல்லிய உலோகப்பட்டி, பல்லைக் குடைந்து முடிந்தும் கழற்றாமல் விட்ட துளைமுனை, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். துளைமுனை கழற்றாத கைக்கருவியை அதன் இடத்தில் மாட்டிவிட்டுத் திரும்பும்போது முழங்கையில் கீறிக்கொண்ட எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். நானும் ஒருவன்.

ஆபத்து என்னவென்றால், இப்படி விழும் ஓட்டைகளில் அநேகமானவை போட்டிருப்பவருக்கே தெரிவதில்லை. கழற்றி, கையில் ஈரத்தைப் பார்த்த பிறகுதான் ‘அட’ என்று தோன்றும்.

நேரமும் ஒரு காரணம். போட்டிருக்கும் நேரம் கூடக் கூட ஓட்டை விழும் வாய்ப்பும் கூடுகிறது. வியர்வை, உமிழ்நீர், மடங்கி விரிதல் எல்லாம் சேர்ந்து படலத்தைத் தளர்த்திவிடும். நீண்ட வேலைகளில், உதாரணமாக கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்யும்போது, அரை மணித்தியாலம் தாண்டினால் நடுவில் ஒருமுறை மாற்றிவிடுவேன். இது எந்த நியமத்திலும் உள்ள இலக்கமல்ல, என்னுடைய பழக்கம்.

நகம் நீளமாக இருந்தால், மோதிரம் போட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் மோசமாகும். அளவும் முக்கியம். பெரிய கையுறையின் விரல்நுனி சுருங்கித் தொங்கும். சுற்றுகிற துளைமுனை அதைப் பிடித்து இழுத்துவிடும். சின்னது போட்டால் பெருவிரல் அடியில் பின்னேரம் வரை வலி.

லேடெக்ஸ், நைட்ரைல், வினைல்: எது நல்லது?

வினைலை முதலில் தள்ளிவைத்துவிடலாம். மலிவு, ஆனால் இழுபடாது. ஈ.என். 455 கூட லேடெக்ஸும் நைட்ரைலும் அறுபட 6 நியூட்டன் விசை தாங்க வேண்டும் என்கிறது. வினைல் போன்ற பிளாஸ்டிக் கையுறைக்கு 3.6 நியூட்டன் போதும் என்று விட்டுக்கொடுக்கிறது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது நன்றாக இருக்கும், கொஞ்ச நேரம் வேலை செய்தால் ஒழுகத் தொடங்கும். வாய்க்குள் இரத்தம் வருகிற வேலைக்கு நான் பாவிப்பதில்லை.

மிச்சம் இரண்டில் தெரிவு அவ்வளவு சுலபமில்லை. லேடெக்ஸின் தொடுகை உணர்வு அருமை. பல்லின் வேர்மேல் ஒட்டியிருக்கும் காவியை விரல் நுனியால் உணர வேண்டிய இடத்தில் அது தெரியும். சின்ன துவாரம் விழுந்தாலும் இறப்பர் தன் இழுவிசையால் ஓரளவு சுருங்கி மூடிக்கொள்ளும். குறை என்ன? ஒவ்வாமை. அதோடு எண்ணெய்க்கு அது பரம எதிரி. வறண்ட உதட்டுக்கு வாஸ்லின் பூசிக்கொண்டு வரும் நோயாளியின் வாயில் லேடெக்ஸோடு வேலை செய்தால், அந்த எண்ணெய் கையுறையை மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். உதவியாளர்கள் கைக்குப் பூசும் கிறீமும் அப்படித்தான். வேலை நேரத்தில் பூசுவதானால் தண்ணீர் அடிப்படையில் செய்த கிறீமைப் பாருங்கள்.

நைட்ரைல் செயற்கை இறப்பர். குத்துக்கு லேடெக்ஸைவிட நன்றாகத் தாங்கும், எண்ணெய்க்கு அசையாது. கிழிந்தால் மட்டும் கிழிசல் விரிந்துகொண்டே போகும். அதை நான் குறையாகப் பார்ப்பதில்லை. கிழிந்தது கண்ணுக்குத் தெரிகிறதே, அது நல்லதுதானே? இப்போது எங்கள் நிலையத்தில் நைட்ரைல் மட்டும்தான்.

இலங்கையில் இறப்பர் இருக்கும்போது நைட்ரைலை ஏன் வாங்க வேண்டும்?

இந்தக் கேள்வியை ஓர் இறப்பர்த் தோட்டக்காரர் கேட்டார், கொஞ்சம் மனவருத்தத்தோடு. அவரது பக்கமும் நியாயம்தான். அமேசன் காட்டு விதையிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் இங்கே வந்து, கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில்தான் நடப்பட்டன. இன்றைக்கும் இலங்கை கையுறை செய்து உலகெங்கும் அனுப்புகிறது; பியகம ஏற்றுமதி வலயத்திலும் தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் நைட்ரைல் இறப்பர் மரத்திலிருந்து வருவதல்ல, பெற்றோலிய மூலப்பொருளிலிருந்து வருவது. பரிசோதனைக் கையுறை உற்பத்தியில் மலேசியாதான் முன்னணி. ஒவ்வாமை உள்ள ஒரே ஒரு நோயாளிக்காக நான் தோட்டக்காரரைக் கைவிட வேண்டியதாகிவிட்டது.

முன்பெல்லாம் வெறுங்கையால்தானே பல் பிடுங்கினார்கள்?

ஆமாம். என் சிறுவயதில் என் பல்லையே அப்படித்தான் பிடுங்கினார்கள். டொக்டரின் விரலில் சவர்க்கார வாசம் இருந்தது இப்போதும் ஞாபகம்.

கையுறை வந்த கதை வேடிக்கையானது. 1889–90 காலத்தில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், இறப்பர்க் கையுறைகளைச் செய்விக்கச் சொன்னார். நோயாளியைக் காப்பாற்றுவதற்கல்ல. கிருமிநாசினியாகப் பாவித்த பாதரசக் கரைசலால் கரோலின் ஹாம்டன் என்ற தாதியின் கை புண்ணாகிப் போனது, அதற்காக. பிறகு இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பல் வைத்தியத்துக்கு அது வந்து சேர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது. எயிட்ஸ் பயம் பரவிய பிறகு, 1986இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் பற்சிகிச்சைக்கென்று பரிந்துரைகள் வெளியிட்டது. அதற்கு முன்னரே ஹெபடைட்டிஸ் பி பல் வைத்தியர்களிடையே மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. வெறுங்கையின் விலை அது.

கொழும்பில் வாங்கும்போது பெட்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், அது மருத்துவப் பாவனைக்கான பரிசோதனைக் கையுறையா என்று பாருங்கள். புறக்கோட்டைக் கடைகளில் சமையலுக்கும் சலூனுக்கும் விற்கும் நீலக் கையுறையும் அதே நிறம், அதே பெட்டி அளவு. ஈ.என். 455 அல்லது அதற்குச் சமமான நியமம், ஏ.கியூ.எல். இலக்கம், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி இருக்க வேண்டும். மருத்துவ சாதனங்களுக்கு இங்கே பொறுப்பு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. பதிவு பற்றி விற்பவரிடம் கேளுங்கள். பவுடர் போட்ட கையுறையை வாங்காதீர்கள். அந்தப் பவுடர் லேடெக்ஸ் புரதத்தைக் காற்றில் கொண்டுபோகும் என்பதும் அதைத் தடைசெய்ய ஒரு காரணம். அமெரிக்கா 2017 ஜனவரியிலிருந்து தடைசெய்துவிட்டது.

கொவிட் தட்டுப்பாட்டில் நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு விநியோகத்தர் வழக்கமான விலையைவிடப் பல மடங்கு கூட்டி ஐந்து பெட்டி தந்தார். போடும்போதே மணிக்கட்டில் கிழிந்தன. பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்தேன், கீழே பழைய காலாவதித் திகதி. அதிலிருந்து புதிய தொகுதி வந்தால் நாலைந்து கையுறையை எடுத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்ப்போம். தொழிற்சாலைச் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனால் பச்சையான ஏமாற்றைப் பிடிக்கும்.

கழுவி அல்லது சானிடைசர் பூசித் திரும்பப் போடலாமா?

கூடாது. சவர்க்காரம் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும். தெரியாத துவாரத்துக்குள்ளும் திரவம் இழுபட்டு உள்ளே போகும். அற்ககோல் படலத்தைத் தளர்த்தும். கழுவிய கையுறை பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான். 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி தடைப்பட்டபோது இந்த ஆசை எல்லாருக்கும் வந்தது. அப்போது அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிப்போட்டோம்; ஒரே கையுறையோடு இரண்டாவது வாய்க்குப் போகவில்லை.

எனக்குக் கை அரிக்கிறது, சிவக்கிறது. லேடெக்ஸ் ஒவ்வாமையா?

பெரும்பாலும் இல்லை. அடிக்கடி காண்பது வெறும் எரிச்சல்: கை கழுவிச் சரியாகத் துடைக்காமல் ஈரத்தோடு கையுறை போடுவது. கொழும்பு புழுக்கத்தில் இது இரண்டு மடங்கு. அடுத்தது, உற்பத்தியில் சேர்க்கும் தயுராம், கார்பமேட் போன்ற இரசாயனங்களுக்கு வரும் ஒவ்வாமை. இது ஒன்றிரண்டு நாள் கழித்து வரும், நைட்ரைலிலும் வரலாம். அதனால் ‘நைட்ரைல் போட்டும் அரிக்குதே’ என்று குழம்ப வேண்டாம்; அந்த இரசாயனங்கள் சேர்க்காத கையுறை கேட்டு வாங்குங்கள்.

உண்மையான லேடெக்ஸ் ஒவ்வாமை சில நிமிடங்களில் காட்டும்: தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு முட்டல். இதில் தாமதிக்கக்கூடாது. நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பலூன் ஊதினால் உதடு வீங்குமா, வாழைப்பழம், பப்பாசி, அவகாடோ சாப்பிட்டால் வாய் அரிக்குமா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியானால் கதிரையில் ஏறும் முன்பே சொல்லுங்கள். கையுறை மட்டுமல்ல, பல்லைச் சுற்றிக் கட்டும் இறப்பர்த் திரையும் லேடெக்ஸாக இருக்கலாம்.

பல்லில் ஒட்டும் பசை கையுறையைக் கடக்குமா?

கடக்கும். வெள்ளை அடைப்புக்கு முன் பூசும் பசையில் இருக்கும் மெதக்கிரிலேட் மூலக்கூறுகள் சில நிமிடங்களில் கையுறையை ஊடுருவிவிடும். நைட்ரைலில் கொஞ்சம் தாமதம், அவ்வளவே. பசை விரலில் பட்டால் துடைத்துவிட்டு வேலையைத் தொடராமல் கழற்றி மாற்றுங்கள். இந்தப் பொருளுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் தொழிலையே விடவேண்டி வரலாம்.

பல்லின் அச்சு எடுக்கும் புட்டியை லேடெக்ஸ் கையுறையோடு பிசைந்தேன், ஏன் இறுகவில்லை?

கையுறையில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் சிலிக்கோன் புட்டியை இறுக வைக்கும் பிளாட்டினம் ஊக்கியை முடக்கிவிடும். கையுறையைக் கழற்றி, கையை நன்றாகக் கழுவிவிட்டுப் பிசையுங்கள். லேடெக்ஸ் போட்ட கையால் பல்லைத் தடவிவிட்டு அச்சு எடுத்தாலும் அந்த இடம் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

ஊசி குத்திவிட்டது. கையுறை போட்டிருந்தேனே, பயமில்லையா?

கையுறை ஊசியைத் தடுக்காது. ஊசியின் வெளிப்பக்கத்து இரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைத்தெடுக்கும், அதனால் உள்ளே போகும் அளவு குறையும். அதுவும் லாபம்தான், ஆனால் அதை நம்பிப் பேசாமல் இருக்கக்கூடாது.

உடனே கழற்றி ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், பிளீச் ஊற்ற வேண்டாம். நோயாளியை அனுப்பிவிடாமல் விஷயத்தைச் சொல்லி, அவரது இரத்தத்தைச் சோதிக்கச் சம்மதம் கேளுங்கள். நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் அது தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 வீதம்தான். தடுப்பு மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், சில மணித்தியாலத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக் இருக்கிறது. இரவென்றால் தேசிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஹெபடைட்டிஸ் பி தான் உண்மையில் பயப்பட வேண்டியது. தடுப்பூசி போடாதவருக்கு, நோயாளியின் நிலையைப் பொறுத்து, வாய்ப்பு 30 வீதம் வரை போகலாம். 0, 1, 6ஆம் மாதங்களில் மூன்று ஊசி போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச்சக்தி வந்துவிட்டதா என்று இரத்தம் பார்த்துக்கொண்டால் இந்தப் பயமே இல்லை. எந்தப் பெட்டி நல்லது என்று மணிக்கணக்காகக் கதைக்கும் உதவியாளர்களில் இந்த மூன்றாவது ஊசியைப் போடாதவர்கள் உண்டு. அவர்களிடம் நான் பெட்டியைப் பற்றிக் கதைப்பதில்லை.

இரண்டு கையுறை ஒன்றன்மேல் ஒன்று போடலாமா?

பெரிய சத்திரசிகிச்சைக்குப் போடலாம். உள் கையுறையில் ஓட்டை விழுவது நன்றாகக் குறையும். சாதாரண அடைப்புக்கு அவசியமில்லை.

கருவி கழுவும்போது இதே மெல்லிய கையுறை போதுமா?

போதாது. அதிகம் குத்துப்படும் இடங்களில் கழுவும் தொட்டியும் ஒன்று. தடித்த, நீளமான கையுறை வேண்டும். அதைக் கழுவித் திரும்பப் பாவிக்கலாம், வெடிப்பு விழுந்தால் எறியுங்கள்.

பெட்டிகளை எங்கே வைப்பது?

வெயில் படாத, சூடில்லாத, உலர்ந்த இடத்தில். கருவி அவிக்கும் இயந்திரத்துக்கு மேலுள்ள தட்டு வசதியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சூட்டிலும் ஆவியிலும் இறப்பர் கெடும். மோட்டார்களிலிருந்து வரும் ஓசோனும் லேடெக்ஸை வெடிக்க வைக்கும். கடற்காற்று வரும் யன்னலோரமும் வேண்டாம். பழைய பெட்டியை முன்னால் வைத்து முதலில் முடியுங்கள்.

நோயாளியாக நான் எதைக் கவனிக்க வேண்டும்? கேட்டால் டொக்டர் கோவிப்பாரா?

உங்கள் முன்னால் கை கழுவி, புதுக் கையுறை எடுத்துப் போடுகிறாரா என்று பாருங்கள். கை கழுவுதலுக்குக் கையுறை மாற்றல்ல; உள்ளே வியர்வையில் கிருமி பெருகும், ஓட்டை இருந்தால் அது வாய்க்கு வரும். அப்புறம், போட்ட கை எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். நல்ல கையுறையும் லாச்சிப் பிடியை, விளக்கின் கைப்பிடியை, கணினி எலியைத் தொட்டுவிட்டு வாய்க்குள் வந்தால் பயனில்லை. என் கணிப்பில் ஓட்டையைவிட இதுதான் பெரிய ஓட்டை.

கோவிப்பவர் இருக்கலாம். போன வருடம் எங்களிடம் வந்த ஓர் ஆச்சி, வாயில் பஞ்சோடு, பேச முடியாமல் என் கையைத் தட்டிவிட்டார். பஞ்சை எடுத்துப் பார்த்தால், “தம்பி, இப்ப போனைத் தொட்ட கையெல்லோ அது?” என்றார். அழைப்பு வந்ததை நிறுத்த ஒரு விரலால் தொட்டிருக்கிறேன், எனக்கே நினைவில்லை. மாற்றிக்கொண்டு வந்தேன். இப்போது போன் வெளியே வரவேற்பு மேசையில் இருக்கிறது.